பழைய கோப்பைப் புரட்டும் தலைவர்கள்

அலுவலகத்தில் புதிதாக ஒரு விண்ணப்பம் வந்தால், "இதற்கு முன்னுதாரணம் இருக்கிறதா?" என்றுதான் மேலதிகாரி முதலில் கேட்பார். ஒருமுறை ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு, அதேபோல் இருந்த பழைய கோப்பு ஒன்றைக் காட்டி, நிராகரிக்கலாம் என்று குறிப்பு எழுதினேன். இடையில் விதி மாறியிருந்ததை நான் பார்க்கவில்லை. அந்த அம்மா எட்டு மாதம் அலைந்தார்.

நாட்டை ஆள்பவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'மூனிக்' வெறும் ஊர்ப்பெயர் அல்ல. 1938 செப்டம்பரில் இங்கிலாந்தின் சேம்பர்லினும் பிரான்சின் தலாதியேவும் அங்கே போய், செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்தார்கள். போர் தவிர்ந்தது என்று மக்கள் ஆரவாரம் செய்தார்கள். ஓராண்டுக்குள் போர் வந்துவிட்டது. அதன்பின் அந்த ஊரின் பெயரே ஒரு வசைச்சொல் ஆயிற்று.

1956 ஜூலை 26 அன்று எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாய்க் கம்பெனியை நாட்டுடைமையாக்கினார். பிரெஞ்சுப் பிரதமர் கி மொலேவும் பிரிட்டிஷ் பிரதமர் ஈடனும் அவரிடம் பழைய சர்வாதிகாரிகளின் முகத்தைக் கண்டார்கள். நாசர் எழுதிய சிறு நூலை ஹிட்லரின் நூலோடு ஒப்பிட்டார் மொலே. அல்ஜீரியக் கிளர்ச்சிக்கு நாசர் உதவுகிறார் என்ற கோபமும் அவருக்கு இருந்தது. ஆனால் ஹிட்லர் பறித்தது அடுத்தவன் மண்ணை. இந்தக் கால்வாயோ எகிப்தின் மண்ணில் இருந்தது. பங்குதாரர்களுக்கு இழப்பீடு தருவதாகவும் நாசர் சொல்லியிருந்தார். இந்த வேற்றுமைகள் அவர்கள் கண்ணில் படவில்லை.

இஸ்ரேலைச் சேர்த்துக்கொண்டு படையெடுத்தார்கள். அமெரிக்கா நெருக்கியதும் நவம்பர் 6 அன்று போரை நிறுத்தினார்கள். கால்வாயைக் காப்பாற்றப் போனவர்களால் அது பல மாதம் அடைபட்டுக் கிடந்தது. ஜனவரியில் ஈடன் பதவி விலகினார். நாசரின் செல்வாக்கோ அரபு நாடுகளெங்கும் உயர்ந்தது.

முன்னுதாரணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூனிக்கை மறப்பதும் ஆபத்துதான். ஆனால் எது ஒன்றுபோல் இருக்கிறது என்று எழுதும் குறிப்பில், எது வேறாக இருக்கிறது என்றும் ஒரு பத்தி எழுத வேண்டும். இன்றும் எதிரி என்றால் ஹிட்லர், பேச்சுவார்த்தை என்றால் மூனிக் என்று யாராவது முழங்கினால், அந்தப் பத்தி எங்கே என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

நான் எழுதாத பத்திக்காக ஓர் அம்மா அலைந்தார். அவர்கள் எழுதாததற்கு, போர்ட் சையது நகரத்துச் சாதாரண மக்கள் உயிரைக் கொடுத்தார்கள்.