காலண்டர் மாறிய நாள்

"இது என்ன மாசம், பாட்டிம்மா?"

டாக்டர் கேட்டதற்கு அத்தை வாயசைத்தார், வார்த்தை வரவில்லை. 81 வயது. பேச்சு குறைந்து ஒரு வருஷமாகிறது. மூன்று சொற்களைக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். 100-இலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவரிடம், ஒரு வாக்கியம் எழுதும்படி தாளையும் நீட்டினார். 1975 முதல் உலகெங்கும் புழங்கும் 30 மதிப்பெண் பரீட்சை அது. அத்தை வாங்கியது நான்கு.

போனது ஞாபகமா, பேச்சா, இல்லை கிடைக்காமலே போன படிப்பா? அந்த நான்கைப் பார்த்து எப்படிப் பிரிப்பது?

வாய் திறக்காமல் ஞாபகத்தை அளக்கும் வழி, பேச்சே வராத கைக்குழந்தைகளிடமிருந்து வந்தது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தையின் பார்வை புதுப் படத்துக்குத் தாவிவிடும் என்று அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஃபான்ட்ஸ் 1964-இல் எழுதினார். ஏற்கெனவே பார்த்தது என்று தெரிந்தால்தானே சலிக்கும்!

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தார் இதையே லேசான நினைவுக் குறைபாடு உள்ள பெரியவர்களிடம் செய்து, 2009-இல் வெளியிட்டார்கள். முதலில் ஒரு படம். பிறகு அதே படமும் புதுசும் அருகருகே. கண் எங்கே நிற்கிறது என்பதைக் கேமரா குறித்துக்கொள்ளும். 2 விநாடி இடைவெளியில் அவர்களும் மற்றவர்களைப் போலப் புதுசைத்தான் அதிகம் பார்த்தார்கள். இடைவெளி 2 நிமிடமானதும் பழசும் புதுசும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன.

அத்தை இன்றும் பூத் தொடுப்பார். மல்லிகையும் நாரும் மடியில் வைத்தால் போதும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுருக்கு. "பாத்தியா, எல்லாம் ஞாபகமிருக்கு" என்று மாமா பூரித்துப்போவார். அது கை பழகிய பழக்கம். மற்றது போன பிறகும் நெடுநாள் தங்கும். அதை வைத்து மாமாவை நம்பச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஜனவரி முதல் தேதி, முருகன் தொங்கிய ஆணியில் மகாலட்சுமி காலண்டரை மாட்டினேன். அத்தை சாதத்தைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார். சுவரில் வேறெதையும் பார்க்கவில்லை. இதற்கு யாரும் மதிப்பெண் போடப்போவதில்லை. ஆனாலும் அடுத்த முறை டாக்டரிடம் சொல்லப்போகிறேன்: மாசம் சொல்லத்தான் அவருக்கு வரவில்லை, காலண்டர் மாறியது தெரிந்தது.