அறுந்த இணைப்புக்கு யார் பொறுப்பு?

நல்லூரிலும் அதனைச் சூழவுள்ள கிராமங்களிலும் வீட்டுக்கு இணைய இணைப்புப் பெற விரும்பும் ஒருவருக்கு இன்று பல தெரிவுகள் உண்டு. பழைய செம்புக் கம்பி வழியான ஏடிஎஸ்எல், அதன் இடத்தைப் பிடித்துவரும் ஒளியிழை, கோபுரத்திலிருந்து அலைவழி வரும் நான்காம் தலைமுறை இணைப்பு, 2025 ஜூலையில் இலங்கையில் சேவையை ஆரம்பித்த ஸ்டார்லிங்க் செய்மதி இணைப்பு என்பன அவை. போர்க்காலத்தில் வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் குரலைக் கேட்பதற்காகத் தொலைத்தொடர்பு நிலையங்களின் வாசலில் காத்துநின்ற சமூகத்துக்கு இது சிறிய மாற்றமன்று. ஆயினும், எதைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு விளம்பரங்கள் தரும் விடை வேகம் ஒன்றே. பழுதடைந்தால் எத்தனை நாளில் சீராகும், அதுவரை அறவிடப்படும் கட்டணத்துக்கு என்ன நியாயம் என்ற கேள்விகளுக்கு அவற்றில் இடமில்லை.

ஒவ்வொரு முறைக்கும் அதற்கேயுரிய பலவீனம் உண்டு. ஏடிஎஸ்எல் இணைப்பில் கம்பி ஒவ்வொரு வீட்டுக்கும் தனியானது. எனினும் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறையும். மாரி மழையில் இணைப்பு மூட்டுகளுக்குள் ஈரம் புகுந்தால் இரைச்சலும் துண்டிப்பும் ஏற்படும். இடிமின்னல் கம்பிவழி வந்து மோடத்தையும் எரித்துவிடும். கோபுர இணைப்புக்குக் கம்பித் தொல்லை இல்லை. ஆனால் ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அப்பகுதியார் அனைவரும் பங்கிடுகின்றனர். நல்லூர்க் கந்தன் பெருந்திருவிழாவின் 25 நாட்களிலும் இலட்சக்கணக்கானோர் கூடும்போது, அயல் வீடுகளின் இணையம் தளர்வதற்கு இதுவே காரணம். ஒளியிழை ஈரத்துக்கும் மின்னலுக்கும் அஞ்சாது. வீதி தோண்டும் இயந்திரத்துக்கு மட்டும் அது அஞ்சவேண்டியுள்ளது.

மேலைநாடுகளில் இந்த விவாதம் கேபிளா, டிஎஸ்எல்லா என்ற வடிவில் பல ஆண்டுகள் நடைபெற்றது. ரொறன்ரோவில் வாழும் எம்மவர்கள் இதனை நன்கறிவர். அங்கு தொலைக்காட்சிக் கேபிள் வழியாக றோஜர்ஸ் நிறுவனமும், தொலைபேசிக் கம்பி வழியாக பெல் நிறுவனமும் இணையம் வழங்கிவந்தன. கேபிள் வேகமானது, ஆயினும் மாலை வேளையில் அயலவர் அனைவரும் பாவிக்கையில் மந்தமாகும். டிஎஸ்எல் வேகம் குறைந்தது, ஆயினும் சீரானது என்பதே பொதுவான கணிப்பாக இருந்தது.

2022 ஜூலை 8ஆம் திகதி நிகழ்ந்தது இக்கணிப்புக்கு அப்பாற்பட்டது. வலையமைப்பின் மையப் பகுதியில் மேற்கொள்ளப்பட்ட மேம்படுத்தல் வேலையில் நேர்ந்த ஒரு தவறினால் றோஜர்ஸின் கம்பிச் சேவையும் கைத்தொலைபேசிச் சேவையும் கனடா முழுவதும் ஒருசேர முடங்கின. ஒரு கோடியே 20 இலட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். பலரால் 911 அவசர அழைப்பைக்கூட எடுக்க முடியவில்லை. கடைகளில் வங்கி அட்டைகள் செயலிழந்தன. வீட்டுக்கு வந்த கம்பி எவ்விதப் பழுதுமின்றி இருந்தது. பழுது மையத்தில் இருந்தது. வீட்டு இணையத்தையும் கைத்தொலைபேசியையும் ஒரே நிறுவனத்திடம் பெற்றிருந்தவர்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் இழந்தனர். சலுகைப் பொதிகளில் மயங்கி அனைத்தையும் ஓரிடத்தில் ஒப்படைக்கும் எமது பாவனையாளர்களும் கருத்திற்கொள்ள வேண்டிய பாடம் இது. அந்நிறுவனம் பின்னர் ஐந்து நாள் கட்டணத்தைக் கழித்துக்கொடுத்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

எமது நாட்டில் இன்னொரு பிரச்சினை மின்சாரம். பழைய தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் பரிவர்த்தனை நிலையத்தின் மின்கலங்களிலிருந்து செம்புக் கம்பி வழியாகவே வந்தது. ஊர் இருளில் மூழ்கினாலும் அது ஒலித்தது. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்துவதில்லை. வீட்டிலுள்ள கருவிக்கு மின் இல்லையெனில் இணையத்துடன் நிலையான தொலைபேசியும் ஊமையாகிவிடும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும், அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பல மாவட்டங்களில் தொடர்புகள் அற்றுப்போனதையும் நாம் மறந்துவிட முடியாது. பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட, தனித்து வாழும் முதியோர் நிறைந்த ஊர்கள் எமது ஊர்கள். அவர்களுக்கு அந்தத் தொலைபேசி ஆடம்பரம் அன்று. ஐக்கிய இராச்சியத்தில் நிலையான தொலைபேசியையே நம்பியிருப்போருக்கு, மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு எடுக்க வழிசெய்ய வேண்டும் என்று ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் வலியுறுத்துகிறது. இங்கு செம்பை அகற்றி ஒளியிழை பொருத்துவோரும் மாற்று மின்கலம் பற்றி வாடிக்கையாளருக்கு எடுத்துக்கூற வேண்டாமா?

அடுத்தது முறைப்பாடு. 2022 செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்களை 20 வீதத்தால் உயர்த்த அனுமதி வழங்கப்பட்டது. கட்டணம் உயர்ந்தபோது சேவையின் கடப்பாடும் உயர்ந்திருத்தல் வேண்டும். ஐக்கிய இராச்சியத்தில் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இழப்பீட்டுத் திட்டத்தில் இணைந்த நிறுவனங்கள், அறிவிக்கப்பட்ட பழுதை இரண்டு வேலை நாட்களுக்குள் திருத்தாவிடின் நாளொன்றுக்கு 8 பவுண் வீதம் கணக்கில் வரவு வைக்க இணங்கின. வருவதாகக் கூறிய திருத்துநர் வராவிடின் 25 பவுண். வாடிக்கையாளர் மன்றாட வேண்டியதில்லை. இழப்பீடு தானாகவே வந்துசேரும். தாமதத்துக்கு விலை வைக்கப்பட்டால் திருத்துநர் விரைந்து வருவார் என்பது எளிய கணக்கு.

மொழியும் இதனுள் அடங்கும். தமிழ் அரசகரும மொழியாக அரசியலமைப்பில் இடம்பெற்றது 1987இல். ஸ்ரீலங்கா ரெலிகொம் நிறுவனத்தில் 49.5 வீதப் பங்கு இன்றும் திறைசேரியிடம் உள்ளது. பழுதை விளக்க முனையும் யாழ்ப்பாணத்துத் தாயோ, 1990இல் வெளியேற்றப்பட்டுப் பின் மீண்டு சோனகத் தெருவில் கடை நடத்தும் முஸ்லிம் வணிகரோ தமது மொழியில் முறையிட்டு, தமது மொழியிலேயே விடைபெறுவது அவர்களது உரிமை. அரசின் பங்குடைய நிறுவனமாயினும் தனியார் நிறுவனமாயினும், கட்டணம் வாங்கும் எவரும் இதனைச் சலுகையாகக் கருதலாகாது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குப் பாவனையாளரின் முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரம் சட்டத்தில் உண்டு. திருத்தத்துக்கான கால எல்லையை நிர்ணயித்தல், தவறினால் கட்டணத்தைத் தானாகக் கழித்தல், ஒவ்வொரு மாவட்டத்திலும் பழுதுகள் எத்தனை நாளில் சீராக்கப்பட்டன என்பதை மும்மொழிகளிலும் வெளியிடுதல் ஆகிய மூன்றையும் அது நிறுவனங்களின் கடமையாக்க வேண்டும். பாவனையாளரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துவைத்து, தீர்வு கிட்டாவிடின் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் அறிவிக்கப் பழகுதல் வேண்டும். எழுதப்படாத முறைப்பாடு எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.