கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து கணக்கிடுவோம்



ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து பங்கு இல்லத்துக்குத் திரும்பியபோது, ஒரு தந்தை தன் மகனோடு எனக்காகக் காத்திருந்தார். கையில் வண்ணத்தாளில் அச்சிட்ட ஒரு விளம்பரம் இருந்தது. "சாமி, பையனுக்கு வெளிநாட்டுல டாக்டர் சீட்டு கிடைச்சிருக்கு. நீங்க ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுக்கணும். கத்தோலிக்க நாடுதான், பயமில்லைன்னு ஏஜெண்ட் சொல்றார்" என்றார். பணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ராகி விளையுற நிலம் இருக்கே சாமி" என்று மெதுவாகச் சொன்னார். மகன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தத் தந்தையின் ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். மருத்துவரின் அருமை நாட்றாம்பாளையத்து மக்களுக்கு நன்றாகத் தெரியும். நள்ளிரவில் ஒரு தாய்க்குப் பிரசவம் சிக்கலானால், காட்டுச் சாலையில் யானை நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து, அஞ்செட்டியைக் கடந்து தேன்கனிக்கோட்டைக்கோ ஓசூருக்கோ போகவேண்டும். சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. நற்செய்தியாளர் லூக்காவை மருத்துவர் என்றே திருச்சபை நினைவுகூர்கிறது. எனவே ஆசை நல்லது. அந்த ஆசையை வைத்து நடக்கும் வியாபாரத்தைப் பற்றித்தான் இங்கே சிந்திக்க விரும்புகிறேன்.

ஏன் நம் பிள்ளைகள் வெளிநாட்டைத் தேடுகிறார்கள்? 2024-இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் தேர்வு எழுதினார்கள். ஏறத்தாழ 13 இலட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ 1 இலட்சத்துக்குச் சற்று அதிகம். அதாவது, 'தகுதி' என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இடமில்லை. தனியார் கல்லூரிக் கட்டணத்தை நம் மக்கள் நினைத்தும் பார்க்க முடியாது.

உள்ளூரில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2022 ஜனவரியில் தமிழகத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று நம் கிருஷ்ணகிரியில். அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-இல் வந்தது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளிகளை அச்சட்டம் சேர்த்துக்கொள்ளவில்லை. திருச்சபை நடத்தும் பள்ளிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. நம் பள்ளியை நம்பி வந்த ஏழைப் பிள்ளைக்கு அந்தச் சலுகை இல்லை என்பது நம் மனச்சான்றை உறுத்தவேண்டிய செய்தி.

கதவு கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்குத்தான் ஏஜெண்ட் வருகிறார். அந்தத் தந்தை வைத்திருந்த விளம்பரத்தில் 'எம்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். இந்திய மருத்துவக் குழுவாகிய எம்.சி.ஐ. 2020 செப்டம்பரிலேயே கலைக்கப்பட்டு, தேசிய மருத்துவ ஆணையம் வந்துவிட்டது. இல்லாத அமைப்பின் பெயரால் விற்கப்படும் கல்வியை எப்படி நம்புவது?

2021 நவம்பரில் ஆணையம் வெளியிட்ட விதிகளை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருக்கவேண்டும். படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்கவேண்டும். ஆங்கில வழியில் நடக்கவேண்டும். அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி மருத்துவராகப் பணி செய்யவேண்டும். அந்நாட்டுக் குடிமக்களைப் போலவே அங்கே மருத்துவம் பார்க்கும் உரிமையைத் தரும் பட்டமாக இருக்கவேண்டும். திரும்பி வந்தபின் 300 வினாக்கள் கொண்ட எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 150 மதிப்பெண் பெற்று, இங்கே இன்னும் 12 மாதப் பயிற்சியை முடிக்கவேண்டும். அண்மை ஆண்டுகளில் இத்தேர்வை எழுதியவர்களில் ஒவ்வொரு முறையும் பாதிப்பேர்கூடத் தேறவில்லை.

'கத்தோலிக்க நாடு' என்ற சொல்லுக்கும் வருகிறேன். பிலிப்பைன்ஸ் பக்தியுள்ள நாடுதான். ஆனால் இவ்விதிகள் வந்தபோது அங்கே மருத்துவப் படிப்பு 4 ஆண்டுகளாக, அதாவது 48 மாதங்களாக இருந்தது. அதற்கு முன் படிக்கும் அறிவியல் பட்டம் கணக்கில் சேராது என்றார்கள். பல குடும்பங்கள் கலங்கி நின்றன. உக்ரைன் நாட்டை நாம் மறக்கமுடியாது. 2022 பிப்ரவரி 24-இல் போர் தொடங்கியபோது, ஏறத்தாழ 22,500 இந்தியர் அங்கிருந்து மீட்கப்பட்டனர். பெரும்பாலோர் மருத்துவ மாணவர்கள். மார்ச் 1 அன்று கார்கிவ் நகரில், நம் அண்டை மாநிலமான கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் உயிரிழந்தார்.

அப்படியானால் யாரும் வெளிநாடு போகவே கூடாதா? நான் அப்படிச் சொல்லவில்லை. நம் திருச்சபையிலேயே அழகான எடுத்துக்காட்டு உண்டு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த அன்னா டெங்கல் என்ற இளம்பெண், ராவல்பிண்டியில் ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் பெண்கள் இறப்பதைக் கேள்விப்பட்டார். அவர்களுக்குப் பணிசெய்ய விரும்பினார். அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் பணியாற்ற பிரிட்டன் ஏற்கும் பட்டம் வேண்டும் என்று அறிந்து, தன் நாட்டை விட்டு அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போய்ப் படித்தார். 1919-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ராவல்பிண்டி சென்றார். 1925-இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். யாருக்குப் பணி செய்யப்போகிறோம், அங்கே எந்தப் பட்டம் செல்லும் என்பவற்றை அவர் முதலில் கேட்டார். கல்லூரியைப் பிறகுதான் தேர்ந்தார். நம் குடும்பங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று ஆண்டவர் இயேசு கற்பித்தார் (லூக்கா 14:28-30). கணக்கிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. எனவே பெற்றோரே, முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். இந்தப் பட்டத்தோடு என் பிள்ளை தேன்கனிக்கோட்டை மருத்துவமனையில் நோயாளியைத் தொட முடியுமா? ஆறு ஆண்டு கழித்துத் தேர்வில் தேறாவிட்டால், நிலமும் இல்லாமல் எப்படி வாழ்வோம்? தங்கையின் படிப்புக்கு என்ன மிஞ்சும்? எல்லாவற்றுக்கும் மேலாக, இது பிள்ளையின் விருப்பமா, நம் பெருமையா?

அன்று அந்தப் பையனைத் தனியே கேட்டேன். "அப்பா ஆசைப்படுறார் சாமி. எனக்கு நர்சிங் போதும்" என்றான். அவன் இதுவரை தந்தையிடம் வாய் திறக்கவில்லை. கடிதம் எழுத மறுக்கவில்லை. ஆனால் மூவரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசியபின் எழுதுவதாகச் சொன்னேன். மருத்துவர், செவிலியர் யாராவது அன்று உடனிருந்தால் நல்லது. நம் மறைமாவட்டத்தில் இத்துறையில் இருப்போரை வேண்டுகிறேன்: மாதம் ஒரு ஞாயிறு உங்கள் பங்குக்கு வாருங்கள், இக்குடும்பங்களோடு அமருங்கள். நிலம் போனபின் நாங்கள் சொல்லும் ஆறுதலைவிட, போகுமுன் நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை பெரிது.

நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவர், நம் பிள்ளைகளுக்கு நல்வழி காட்டுவாராக.