கோபுரம் எழுந்தால் போதுமா?

கீரிமலை நகுலேஸ்வரத்தின் வரலாறு இடிபடுவதும் மீள எழுவதுமான வரலாறு ஆகும். போர்த்துக்கேயர் தகர்த்த அவ்வாலயத்தை மீண்டும் எழுப்பும் முயற்சியை 1878 இல் ஆறுமுக நாவலர் தொடக்கி வைத்தார். மறு ஆண்டே அவர் மறைந்தார். ஆயினும் பணி நின்றுவிடவில்லை. 1894 அளவில் சைவ மக்கள் ஆலயத்தை எழுப்பி முடித்தனர். மானியம் வழங்க மன்னர் எவரும் இல்லாத காலம் அது.

1990 இல் ஆலயம் குண்டுவீச்சுக்கு இலக்கானது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர, ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கிற்று. நீண்ட காத்திருப்பின் பின் 2012 இல் கும்பாபிஷேகம் நிறைவேறியது. பஞ்ச ஈஸ்வரங்களுள் ஒன்று என்ற பெருமை நகுலேஸ்வரத்திற்குக் கைகொடுத்தது. ஆனால் அதனைச் சூழவுள்ள சிற்றாலயங்களுக்கு அத்தகைய பெருமையும் இல்லை. அடியார் கூட்டமும் இல்லை.

புலம்பெயர்ந்த உறவுகள் இவற்றுக்கும் வாரி வழங்குகின்றனர். அதனை நாம் நன்றியோடு நினைக்கிறோம். எனினும் பணம் பெரும்பாலும் கோபுரத்திற்கும் மண்டபத்திற்குமே வருகின்றது. உபயகாரர் பெயரைக் கல்லில் பொறிக்கலாம் அல்லவா! நித்திய பூசைக்கு நெய்யும் அரிசியும் வாங்குவதற்கோ, பூசகரின் மாதச் சம்பளத்திற்கோ கல்வெட்டு இல்லை. வீடு திரும்பாத ஊரில், மூன்று தலைமுறையாகக் கோயிலைத் தாங்கிய உபயமுறை அறுந்து கிடக்கின்றது. வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து அறப்பணி நடத்திய சமூகம் நாம். அந்த முறையை இன்றைய வசதிக்கேற்ப மாதச் சந்தாவாக ஆக்கி, கணக்கை ஆண்டுதோறும் ஊரவர் முன் வைத்தால், கொடுப்போர் கொடுப்பர். கணக்குக் காட்டாத திருப்பணிச் சபைகளே கொடுப்போரின் கையை மடக்குகின்றன.

மடங்களையும் மறத்தலாகாது. ஆடி அமாவாசைக்கும் அந்தியேட்டிக் கிரியைகளுக்கும் குடாநாடெங்குமிருந்து வருவோர் கேணியில் நீராடித் தங்கிச் செல்ல இடமளித்தவை அவை. ஆலயம் மட்டும் எழுந்து மடங்கள் அழியுமாயின், கீரிமலை பாதியாகவே மீளும்.

ஆனால் ஊர் கூடினாலும் ஆகாத காரியம் ஒன்றுண்டு. ஜனாதிபதி மாளிகை அமைக்கப்பட்ட பகுதியில் ஆதிச்சிவன் ஆலயமும் சடையம்மா மடமும் இருந்த இடம் தெரியாது அழிக்கப்பட்டுள்ளதாக 2023 இல் சைவ அமைப்பினர் முறையிட்டனர். நிலமே கைக்கு வராத இடத்தில் எந்தச் சபை பாலஸ்தாபனம் செய்வது? அங்கே எவை இருந்தன என்பதை உறுதிக்காணிகளின் பதிவுகளோடும் ஊர்ப் பெரியோரின் சாட்சியத்தோடும் இப்போதே ஆவணப்படுத்த வேண்டும். அதனை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.