கரணம் போடுமுன்



ரஞ்சன்காவுக்கு இருப்புப்பாதை இல்லை. ஆகையால் புகைவண்டி இலாகாவில் குமாஸ்தா உத்தியோகம் பார்க்கும் நாமும் அவ்வூருக்குப் பேருந்தில்தான் போக வேண்டியிருக்கிறது. சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று மகாகணபதியைத் தரிசித்துவிட்டு, அங்குள்ள தொழிற்பேட்டையில் பணிபுரியும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே ஒரே அமர்க்களமாயிருந்தது. பதினான்கு வயது நிரம்பிய அவருடைய மகள் அடுத்த ஞாயிறு முதல் புனேயில் ஒரு கரண வகுப்பில் சேரப்போகிறாளாம். ஜிம்னாஸ்டிக்ஸ் கலையில் தரைமீது செய்யும் பகுதி அது. மெத்தை விரித்து முன்கரணம், பின்கரணம், கையூன்றிச் சக்கரம்போற் சுழலுதல், தலைகீழாய்க் கைகளில் நிற்றல் முதலியவற்றைப் படிப்படியாய்க் கற்பிப்பார்கள். நம் ஊரில் குட்டிக்கரணம் என்கிறோமே, அதனை மராத்தியர் ‘கோலாண்டி உடி’ என்பர்.

நண்பர் விழுப்புரத்துக்காரர். மல்லர்கம்பத்தில் பிள்ளைகள் ஏறி உடலை வளைப்பதை ஊரில் கண்டு வளர்ந்தவர். ஆகவே அவருக்கு மறுப்பில்லை. இரண்டாம் பாஜிராவ் பேஷ்வாவின் காலத்தில் பாலம்பட் தாதா தேவதர் அக்கலைக்குப் புத்துயிரளித்த நாடல்லவா இது! மல்யுத்தம் பயிலும் தாலீம்கள் புனேயில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அம்மையாருக்கோ இரு கவலைகள். ஒன்று உடை, மற்றொன்று வயது.

“ஆறு வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து வயதுக்கு வந்த பெண் உருளுவதா, அண்ணா? பார்ப்பவர்கள் சிரிக்கமாட்டார்களா?” என்று நம்மிடம் முறையிட்டார்.

உடையைப் பற்றிய கவலை எளிதில் தீர்ந்தது. துப்பட்டாவும் தொளதொளத்த சல்வாரும் கரணம் போடும்போது முகத்தை மூடும், காலில் சிக்கும். பொத்தானும் கொக்கியும் இல்லாத, உடலோடு ஒட்டிய சட்டையும் காற்சட்டையும் போதும். வளை, தோடு, கொலுசு யாவும் வீட்டிலேயே இருக்கட்டும். கூந்தலை இறுகப் பின்ன வேண்டும். ஆனால் உச்சியிலோ பின்தலையிலோ கொண்டையிட்டால் உருளும்போது குத்தும். நகங்களை வெட்டிவிட வேண்டும். வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே உணவை முடித்துக்கொள்வது நலம். ஞாயிற்றுக்கிழமையென்று பூரியும் கிழங்கும் உண்டுவிட்டுத் தலைகீழாய் நின்றால் என்ன நேருமென்பதை எழுத வேண்டியதில்லை.

வயதைப் பற்றியதுதான் கடினம். திரிபுராவின் அகர்தலாவில் பிறந்த தீபா கர்மாகர் ஆறு வயதில் பயிற்சி தொடங்கியவர். பாதங்கள் தட்டையாயிருந்ததால் இக்கலைக்கு ஏற்றவரல்லர் என்று கருதப்பட்டவர். அவரே 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் வால்ட் என்னும் தாண்டற்போட்டியில் 15.066 புள்ளிகள் பெற்று நான்காமிடம் வந்தார், வெண்கலம் 0.150 புள்ளியில் தவறிற்று. பதினான்கில் தொடங்கும் நம் பெண் அவ்வழியில் போவது அரிது. அது அவளுக்கும் தெரியும். “பள்ளி ஆண்டுவிழாவில் என் வகுப்புப் பெண்களெல்லாம் கரணம் போட்டார்கள், மாமா. நான் மட்டும் திரை இழுத்துக்கொண்டு நின்றேன்,” என்றாள். இதைவிடச் சிறந்த காரணம் வேண்டுமென்று நமக்குத் தோன்றவில்லை. தாயாரும் ஒன்றும் பேசாது காப்பி கலக்க உள்ளே போனார்.

அவள் கைப்பேசியில் படங்களைப் பார்த்து, கூடத்துச் சிமெண்டுத் தரையில் பாயை விரித்துத் தானே ஒத்திகை பார்த்து வந்தாள். அதனை உடனே நிறுத்தச் சொன்னோம். முன்கரணத்தில் தலை தரையை அழுத்தலாகாது. மோவாயை மார்போடு சேர்த்து, முதுகைச் சக்கரம்போல் வளைத்து, தோள்களின் பின்புறத்தால் உருள வேண்டும். ஒரு கணம் மோவாய் விலகினால் உடலின் பாரம் முழுதும் கழுத்தில் இறங்கும். பக்கத்தில் ஆசிரியர் கைகொடுக்க நிற்பதும் அடியில் மெத்தை இருப்பதும் அதனால்தான். ‘கையை மட்டும் ஊன்றிக் காட்டு, பார்ப்போம்’ என்றோம். இடக்கையைத் தரையில் விரித்தாள். வலக்கையையோ விரல் நுனிகளில் நிறுத்திக்கொண்டாள்.

ஏன் என்று வினவினோம். விடையில்லை. நண்பர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டாண்டுகளுக்கு முன் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டதைச் சொன்னார். சேர்க்கைப் படிவம் மேசைமேல் இருந்தது. ‘முன்பு ஏற்பட்ட காயங்கள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருந்தது. எழுத்து மகளுடையது, கையொப்பம் தந்தையுடையது.

“எழுதினால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், மாமா,” என்று கண் கலங்கினாள்.

நேயர்களே, நம் கதையை இப்பக்கத்தில் எழுதும் வழக்கமில்லை, இம்முறை பொறுத்தருள்க. பதின்மூன்று வயதில் பள்ளி விழாவுக்காக ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிப் பிரமிடு அமைக்கும் பயிற்சியில் நாம் இருந்தோம். ஒத்திகையில் வலது மணிக்கட்டு பிசகியது. சொன்னால் நீக்கிவிடுவார்களே என்று அஞ்சி, இரவில் நல்லெண்ணெய் தடவி மறைத்துவிட்டோம். பத்தாம் நாள் விழா. நம் கை மடிந்தது. மேலே நின்ற சிறுவன் முகங்குப்புற விழுந்து இரு பற்களை இழந்தான். நம் மணிக்கட்டு அன்றுமுதல் முழுதும் திரும்புவதில்லை. உள்ளங்கையை மேல்நோக்கி நீட்ட இயலாமையால், பயணச்சீட்டுச் சாளரத்தில் சில்லறையை இடக்கையால் கொடுக்கிறோம். முகஞ்சுளிக்கும் பயணிகள் நாள்தோறும் உண்டு. அவர்களிடம் என்ன சொல்வது! அந்தச் சிறுவனை மட்டும் பின்பு நேரில் பார்க்கும் துணிவு நமக்கு வரவேயில்லை.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனிகளில் வளர்ச்சிப் பகுதி என்றொன்று இருக்கிறது. அது மற்ற எலும்பைவிட மென்மையானது. கரணக் கலையில் மணிக்கட்டே பாதத்தின் வேலையைச் செய்வதால், ஓயாத அழுத்தம் அங்கே வலியையும் சிதைவையும் உண்டாக்கக் கூடும். காயம் தெரிந்த ஆசிரியர் பயிற்சியை மாற்றியமைப்பார். தெரியாதவர் எல்லோரையும்போல் அவளையும் கைகளில் நிறுத்துவார். இதனை நாம் சொன்னபோது நண்பர் நம்மைப் பாராமல், படிவத்தைக் கிழித்துவிட்டு வேறொன்று கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நாமும் வகுப்புக்குப் போயிருந்தோம். ஆசிரியை படிவத்தைப் படித்தார். அவளது கையைப் பிடித்து முன்னும் பின்னும் மெல்ல மடக்கிப் பார்த்தார். மருத்துவரின் கடிதம் வரும்வரை கையில் பாரம் கூடாதென்றும், அதுவரை தாவுதல், கால் நீட்டல், முதுகில் தொட்டில்போல் ஆடுதல் ஆகியவை மட்டும் செய்யலாமென்றும் கூறினார். திருப்பியனுப்பவில்லை.

வரிசையில் நம் பெண்ணே உயரம். கன்னம் சிவக்க நின்றவளிடம், அவள் இடுப்பளவே இருந்த ஒரு வாண்டு வந்து, “தாயீ, ஹனுவடி ஆத்!” என்று அதட்டிற்று. அக்கா, மோவாயை உள்ளே இழு என்று பொருள். மராத்தியில் அக்காவைத் ‘தாயீ’ என்பதறியாமல், தன் மகளை யாரோ தாயென்று அழைத்ததாக எண்ணி அம்மையார் திடுக்கிட்டு எழுந்தார். நாம் விளக்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். மெத்தையில் முதுகால் ஆடிக்கொண்டிருந்தவளும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

மருத்துவர் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நண்பர் அன்று அரைநாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.