கண்மாய்க் கரையில் ஒரு சைக்கிள் சவாரி

எங்கள் வீட்டுப் பின்கட்டில் இரண்டு வருஷமாக ஒரு சைக்கிள் சும்மா நின்றுகொண்டிருந்தது. மகள் பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள். அவள் கல்லூரி பஸ்ஸில் போக ஆரம்பித்ததும் அது ஈரத் துண்டு காயப்போடும் கொடியாகிவிட்டது. உங்களில் எத்தனை பேர் வீட்டில் இதே கதையோ!

போன வருஷம் ரத்தப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்ப்பதாகத் தெரிந்தது. "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார் டாக்டரம்மா. "நடந்தா முழங்கால் வலிக்குதே" என்றேன். "சைக்கிள் தெரியுமா? அதை ஓட்டுங்க. உடம்புப் பாரத்தை ஸீட் தாங்கிக்கும். முழங்காலுக்கு அவ்வளவு சிரமம் இல்லை" என்றார். சின்ன வயசில் ராஜபாளையத்தில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவள்தான் நான். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்த பிறகு தொட்டதே இல்லை.

துண்டை எடுத்துவிட்டு, சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, முதல் நாள் காலையில் கிளம்பினேன். மதுரை - கொல்லம் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது! அதில் ஏறி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்த அடியில் கை நடுங்கி, ஓரத்து மணலில் சறுக்கி விழுந்தேன். முழங்கை தோல் உரிந்துவிட்டது. காயத்தைக் கழுவிவிட்டுக்கொண்டே மாமியார், "இந்த வயசுல எதுக்குத்தா இந்த வேண்டாத வேலை?" என்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. சைக்கிளைப் பின்கட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார். காயத்தைவிட அதுதான் எனக்கு வலித்தது.

மறுநாள் பால்காரர் கையிலிருந்த கட்டைப் பார்த்து விவரம் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். "ரோட்டுக்கு ஏன்க்கா போறீங்க? கண்மாய்க் கரை மேல போங்க. முப்பது வருஷமா நான் கேனைக் கட்டிக்கிட்டு அதுலதான் வாரேன். எதிர்ல வந்தா எருமைதான் வரும்!"

இது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? நம் பக்கத்தில் மழைத் தண்ணீர் மேற்கு மலையிலிருந்து ஓடைகளாக இறங்கி ஒரு கண்மாயில் நிற்கிறது. அது நிறைந்ததும் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிறது. அங்கிருந்து அதற்கடுத்தது. சங்கிலி கோத்த மாதிரி! தண்ணீர் போகும் வழியிலேயே மனிதர் போகும் வழியும் இருக்கிறது. கரைமேல் மண்ணும் சரளையும் கெட்டித்த பாதை. கரை முடிந்தால் வாய்க்கால் ஓரம், தோப்போரம், மறுபடி ஒரு கரை. லாரி கிடையாது, புகை கிடையாது.

வெளிநாட்டில் சரளை ரோட்டில் ஓட்டுவதற்கென்றே அகல டயர் போட்ட 'கிராவல் பைக்' என்று தனியாகச் செய்து விற்கிறார்கள். பழைய ரயில் பாதைகளையும் கால்வாய்க் கரைகளையும் சைக்கிளுக்கென்றே ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்கள். நமக்கோ பெரியவர்கள் வெட்டிவைத்த கண்மாய்கள் இருக்கின்றன. நம் வீட்டுச் சாதாரண சைக்கிளே போதும்.

எங்கள் பெரியகுளம் கண்மாய்ப் பக்கம் விடிந்ததும் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, திரும்பினால் ஆண்டாள் கோயில் கோபுரம், நடுவில் தண்ணீரும் கொக்கும். ராஜபாளையத்தில் இருப்பவர்களுக்கு முடங்கியாறு ரோடு இருக்கிறது. அது தார் ரோடுதான். ஆனாலும் இரு புறமும் மாவும் தென்னையுமாக, ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் வரை போகலாம். விடுமுறை நாளில் மட்டும் வேண்டாம். அய்யனார் கோவில் அருவிக்குப் போகும் கூட்டம் அன்று அதிகம்.

இனி, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

ஸீட் உயரம் முக்கியம். பெடல் கீழே வரும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும். ஸீட் தணிந்திருந்தால் முழங்கால் வலி அதிகமாகும். தார் ரோட்டுக்கு அடிப்பது போல டயரைக் கல்லாக்க வேண்டாம். கட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். அப்போதுதான் சரளையில் தூக்கித் தூக்கிப் போடாது. ரொம்பவும் குறைத்தால் ரிம் அடிபட்டு ட்யூப் கிழிந்துவிடும்.

மணல் வந்தால் ஹாண்டிலைத் திருப்பாமல் நேராக மிதித்துப் போய்விடுங்கள். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடிக்காதீர்கள். மறுகால் பாயும் இடத்தில் பாசி வழுக்கும். அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

சேலைதான் கட்டுவேன் என்பவர்கள் பின் சக்கரத்துக்கு வலையும் செயினுக்கு மூடியும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் சுடிதாருக்கு மாறிவிட்டேன். மாமியார் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் துப்பட்டாவை அவரே இழுத்து முடிந்துவிட்டார்.

நம் பாதைகளின் எதிரி சீமைக்கருவேல முள். முள் குத்தியது தெரிந்தால் நடுவழியில் பிடுங்காதீர்கள், காற்று புஸ்ஸென்று போய்விடும். அது அடைத்துக்கொண்டிருக்கும்வரை வீட்டைப் பார்க்கத் திரும்பிவிடுங்கள்.

காலம் என்று பார்த்தால் தை, மாசி அருமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்திருக்கும், வெயிலும் ஏறாது. மழை பெய்த உடனே மட்டும் போக வேண்டாம். மலைப் பக்கத்துச் செம்மண் வழுக்கும். கிழக்கே கரிசல் காடென்றால் சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவே விடாது.

மலையடிவாரத்தில் எல்லை தெரிந்து நில்லுங்கள். செண்பகத்தோப்பும் அய்யனார் கோவில் காடும் 2021ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டி அனுமதியில்லாமல் போகக்கூடாது. மாம்பழக் காலத்தில் அடிவாரத் தோப்புகளுக்கு யானை இறங்கும். மலைமேல் மழை என்றால் ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும். விடிந்த பிறகே கிளம்புங்கள். தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள்.

வாரத்துக்கு 150 நிமிஷம் உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள் அரை மணி ஓட்டினால் கணக்குச் சரி. முதல் வாரம் பத்து நிமிஷமே போதும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் கிளம்பாமல், பையில் இரண்டு மிட்டாயும் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். பால்கோவா ஊர்க்காரி சொல்கிறேன், பால்கோவா வேண்டாம்! பிரசவமான இளம் தாய்மார்கள், அதுவும் ஆபரேஷன் ஆனவர்கள், டாக்டரைக் கேட்டுவிட்டே சைக்கிளைத் தொட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மேடு பள்ளப் பாதை கூடவே கூடாது.

"பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?" என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையை நினைவுபடுத்துங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. வயல் வேலை செய்பவர்கள், கல்குவாரியில் பாடுபடுபவர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்கும் ஆண்களுக்கும் காத்திருப்பது அவர்களுக்குக் குறைந்தது.

அந்தக் காத்திருப்பு என்னவென்று எனக்கும் தெரியும். ராஜபாளையத்தில் என் அம்மா தனியாக இருக்கிறார். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனாலும் யாருக்காவது வண்டி எடுக்க நேரம் கிடைக்கும்வரை காத்திருந்தே பல மாசம் ஓடிவிடும். போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளைப் பக்கத்து வீட்டு சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையை விட்டு மம்சாபுரம் பக்கமாகச் சுற்றி, கரையும் தோப்புமாகப் போய்ச் சேர்ந்தேன். நின்று நின்று போனதில் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு, "யாரும்மா கூட்டிட்டு வந்தது? மாப்பிள்ளை எங்க?" என்றார்.

"யாரும் கூட்டிட்டு வரலைம்மா. நானே வந்தேன்" என்றேன்.

அம்மா சைக்கிளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா அடுத்த வாரமும் வருவியா?" என்று கேட்டார்.

போய்க்கொண்டிருக்கிறேன். நடு நடுவே ஒரு வாரம் தவறினாலும் போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பின்கட்டிலும் ஒரு சைக்கிள் நின்றால் அந்தத் துண்டை எடுத்து வேறு கொடியில் போடுங்களேன்!