பந்தாட்டமும் பார்ப்போர் கடமையும்

களத்தில் இறங்கி ஆடுவோர் பதினொருவரே; ஆனால் வெற்றி பெற்றபின் கோப்பையின்மீது பொறிக்கப்படுவது கல்லூரியின் பெயர். இதனை நாம் எவ்வளவு உணர்ந்திருக்கிறோம் என்பதை அறிய விரும்புவோர், கல்லூரிகளுக்கிடையே நடைபெறும் காற்பந்துப் பந்தயத்தின் இறுதி நாளன்று மைதானத்தின் ஓரத்தில் சற்று நேரம் நின்றால் போதும். ஆடுவோரையும் நடுவரையும் பயிற்சியாளரையும் நீக்கி எண்ணினால், பார்ப்போர் தொகை கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவதை நாம் பன்முறை கண்டு நாணியதுண்டு.

இனி, கல்பாக்கத்தை அடுத்த கடற்கரைக்கு வாருங்கள். மாலை வேளையில் இரு மீனவக் குப்பத்து இளைஞர்கள் மணலிலே பந்தாடுகின்றனர். கோப்பையுமில்லை, பரிசுமில்லை. எனினும் வலை சீர்செய்வோர் கைவேலையை நிறுத்தி நோக்குகின்றனர். சிறுவர் படகுகளின்மேல் ஏறி ஆரவாரிக்கின்றனர். முதியோர் வந்து குறை கூறி, அக்குறையிலேயே மகிழ்கின்றனர். இக்கூட்டத்தை அழைத்தவர் யாவர்? ஒருவருமில்லை. ஆடுபவன் தெரிந்த பிள்ளை. ஆடுமிடம் வீட்டருகே உள்ளது. இவ்விரண்டுமே கூட்டத்தைக் கூட்டும் மந்திரம் என்பது நமது கருத்து.

நம் நாட்டினர்க்குக் காற்பந்தில் சுவை இல்லை என்று கூறுவாருமுளர். அஃது உண்மையன்று. 1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகானும் கிழக்கு வங்காளக் கழகமும் பெடரேஷன் கோப்பையின் அரையிறுதியில் மோதியபோது, 1,31,000-க்கும் மேற்பட்டோர் திரண்டனர். பின்னர் 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பம்பாயில் நடந்ததையும் நினைவிற்கொள்க. சீனத் தைப்பேயை இந்திய அணி ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்ற அன்று அதனைக் காண வந்தோர் மூவாயிரவர்கூட இல்லை. அணித் தலைவர் சுனில் சேத்ரி, ஏசுவதாயினும் மைதானத்துக்கு வந்தே ஏசுங்கள் என்ற கருத்துப்பட நாட்டு மக்களைக் கைகூப்பி வேண்டினார். மூன்று நாள் கழித்துக் கெனியாவுடன் அவர் தம் நூறாவது சர்வதேச ஆட்டத்தை ஆடியபோது இருக்கைகள் யாவும் விற்றுத் தீர்ந்திருந்தன. மூன்று நாளில் ஒரு நாட்டின் சுவை மாறிவிடுமா? மாறியது சுவையன்று, அழைப்பு வந்தது, அவ்வளவே.

ஆகவே, வாராதோரைப் பழிப்பதற்குமுன், வரும் வழியைச் செம்மை செய்திருக்கிறோமா என்று ஆராய்தல் முறையாகும். கல்பாக்கத்துக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர் தூரம். வார நாளில் உச்சிவெயில் தணியுமுன் தலைநகரில் தொடங்கும் பந்தயத்துக்குக் கடலோரத்து மாணவன் ஒருவன் செல்ல வேண்டுமாயின், ஒரு நாட்பாடத்தையும் பேருந்துக் கட்டணத்தையும் இழத்தல் வேண்டும்.

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. நம் பல்கலைக்கழகங்கள் மண்டலங்களாகப் பிரிந்து பந்தயமாடுவதுபோல, அமெரிக்கக் கல்லூரிகளும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து தம் நாட்டு வகைப் பந்தாட்டத்தை ஆடுகின்றன. தென்கிழக்குக் கூட்டமைப்பு 1992-ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் நகரில் நடத்திய முதல் இறுதிப் பந்தயத்துக்கு 83,000-க்கும் மேற்பட்டோர் வந்தனர். வென்ற அலபாமா அணிக்கு அந்நகரம் சொந்த மாநிலத்தது. பசிபிக் கரைக் கூட்டமைப்போ, 2011 முதல் 2013 வரை முன்னணியில் நின்ற கல்லூரியின் மைதானத்திலேயே இறுதிப் பந்தயத்தை நடத்திவிட்டு, 2014-இல் சாண்டா கிளாராவிலுள்ள ஒரு பெரிய பொது அரங்கத்துக்கு மாற்றியது. அங்கே ஏறக்குறையப் பாதி இருக்கைகளே நிறைந்த ஆண்டுகளும் உண்டு. அரங்கம் பெரிதாயிற்று, ஆனால் வீட்டுக்கும் மைதானத்துக்கும் இடைப்பட்ட தூரமும் பெரிதாயிற்று.

கூட்டம் இல்லாவிடின் ஆட்டத்துக்கு யாது குறை என்று வினவலாம். கொள்ளைநோய்க் காலமான 2020-ஆம் ஆண்டில் ஐரோப்பிய மைதானங்கள் பார்ப்போரின்றிக் கிடந்தன. அப்போது சொந்த ஊரில் ஆடும் அணிக்கு வழக்கமாக உள்ள அனுகூலம் குறைந்துபோயிற்று என்பதை ஆராய்ந்தோர் பலர் எடுத்துக் காட்டினர். கரவொலி காற்றில் கரைவதன்று. அது ஆடுவோன் காலுக்கு வலிமையாகிறது. அன்றியும், நம் மாணவருள் பலர்க்குக் கல்லூரி இறுதிப் பந்தயமே வாழ்நாளின் கடைசிப் பந்தயமாகும். அதன்பின் வேலை, குடும்பம், கவலை. அந்த ஒரு மாலையைக் காலி இருக்கைகளின்முன் கழிக்கவிடுதல் தோழமைக்கு அழகாகுமா?

பெண்களின் நிலையை எண்ணுங்கால் நம் வெட்கம் இருமடங்காகிறது. 2018-ஆம் ஆண்டும் 2023-ஆம் ஆண்டும் தேசியப் பெண்கள் காற்பந்துப் பட்டத்தை வென்றது தமிழ்நாட்டு அணியே. 2018-இல் மணிப்பூரை வென்ற அணியில், நம் கடற்கரைக்குத் தெற்கேயுள்ள கடலூரின் இந்துமதியும் ஆடினார். இச்செய்தியை நம்முள் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? வெளிநாட்டுக் கழகங்களின் ஆட்டத்தை நள்ளிரவில் விழித்திருந்து கைப்பேசியில் காணும் நாம், நம் கல்லூரிச் சகோதரிகள் ஆடும் மைதானத்துக்கு நூறு அடி நடக்கத் தயங்குகிறோம்.

நிற்க. கூட்டம் வேண்டும் என்பதால் கட்டுப்பாடற்ற கூட்டம் வேண்டும் என்பது பொருளன்று. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் கல்கத்தா ஈடன் தோட்டத்தில், கழகப் பற்று கலகமாக மாறி, ஆட்டம் காண வந்த பதினாறு பேர் உயிரிழந்தனர். எதிரணியின் நல்ல ஆட்டத்துக்கும் கைதட்டத் தெரிந்தவனே பார்ப்போன் என்னும் பெயர்க்கு உரியவன்.

நாம் வேண்டுவன பெருஞ்செலவுக்குரியவையல்ல. இறுதிப் பந்தயம், இயலுமிடத்து, ஆடும் கல்லூரிகளுள் ஒன்றன் மைதானத்திலேயே வெயில் தாழ்ந்தபின் நடைபெறுக. வெளியூராயின், கல்லூரிப் பேருந்து ஒன்றேனும் செல்க. ஆட்டக்காரர் பெயர்கள் ஒரு வாரம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஏறுக. ஆசிரியப் பெருமக்கள் முன்வரிசையில் அமர்க. அண்மையிலுள்ள பள்ளிப் பிள்ளைகளும் குப்பத்து இளைஞரும் அழைக்கப்பெறுக; அவர்கள் வந்தால் ஆரவாரம் எப்படிச் செய்வது என்பதை நமக்குக் கற்பிப்பார்கள். பழைய மாணவர்களும், தாம் ஒருகால் ஓடிய புல்தரையைக் காண ஆண்டுக்கொருமுறை வருக.

திருக்கழுக்குன்றத்துச் சித்திரைத் தேரைக் கண்டோர் அறிவர்: ஊர் கூடி இழுத்தாலன்றித் தேர் நிலைக்கு வாராது. வடத்தில் ஒரு கையளவு இடம் ஒவ்வொருவர்க்கும் உண்டு. அடுத்த பந்தயத்தன்று மைதானத்தின் ஓரத்தில் நமக்குரிய இடம் காலியாக இல்லாதிருக்கட்டும்.